நாலரை மணி வெயில்

போன செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரு சோபாவின் காலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

சோபா கடையில் இல்லை, கம்ப்யூட்டரில். எங்கள் ஆபீஸ் திரையில் ஓர் அறை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக வந்துகொண்டிருந்தது. முதலில் கூரை வந்தது. பிறகு ஃபேன். ஃபேனின் மூன்று இறக்கைகளும் வந்து சேர்வதற்குள் நான் இரண்டு டீ குடித்து, ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, வாசலில் போய் நின்று மேற்குத் தாம்பரத்தின் டிராஃபிக்கை மேற்பார்வை செய்துவிட்டு வந்தேன். அப்போதும் சோபாவின் முதுகுகூட முழுசாக வந்தபாடில்லை.

"கிளாடிஸ், இது நிஜமாவே ஓடுதா? இல்ல ஹேங் ஆயிடுச்சா?"

"ஓடுது சார்."

"எப்படிச் சொல்றே?"

"நீங்க மானிட்டரைத் தட்டறதை நிறுத்தினீங்கன்னா, கோடு இறங்கறது உங்களுக்கே தெரியும்."

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டினது மாதிரி படம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் கையால் வரைந்துகொண்டிருந்தேன். இப்போது கம்ப்யூட்டர். அதை ஓட்டுவது கிளாடிஸ். சேலையூரிலிருந்து சைக்கிளில் வருகிற பெண். கெட்டிக்காரி. வாய் கொஞ்சம் நீளம். என் அவசரத்துக்கு அந்த வாய் தேவைப்படுகிறது என்று என் மனைவி சொல்கிறாள்.

என் அவசரம் பிரசித்தம். பீச்சிலிருந்து வருகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் பல்லாவரம் தாண்டியதுமே எழுந்து கதவோரம் போய் நிற்கிற ஆள் நான். நான் எழுந்து நின்றால் வண்டி சீக்கிரம் தாம்பரம் வந்துவிடுமா? வராது. ஆனாலும் உட்கார முடியாது. அப்படிப்பட்டவனுக்குப் போய் இந்த ரெண்டரிங் என்கிற சமாசாரத்தைத் தொழிலாகக் கொடுத்த கடவுளுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் அதிகம்தான்.

ரெண்டரிங் என்றால் என்ன? ஒன்றுமில்லை. வீட்டின் அளவு, சுவரின் கலர், சூரியன் நிற்கிற இடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, "இப்போ இந்த ரூம் எப்படி இருக்கும், காட்டு" என்று கேட்பது. அது ஒவ்வொரு வெளிச்சக் கதிரையும் துரத்திக்கொண்டு போகும். ஜன்னல் வழியாக வந்ததா, தரையில் பட்டதா, தரை மொசைக்கா, பளபளக்கிறதா, அங்கிருந்து எங்கே போகிறது, ஷோகேஸ் கண்ணாடிக்கா, கண்ணாடியிலிருந்து எங்கே... தெருவில் ஒரு வம்பு கிளம்பினால் யார் யாரிடம் சொன்னார்கள் என்று விசாரிக்கிற மாதிரிதான். விசாரித்து முடிப்பதற்குள் நமக்கு வயசாகிவிடும்.

இந்தத் தடவை விசாரணை ஜெயசீலி டீச்சருக்காக.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கூலில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். குடியிருப்பது அனகாபுத்தூரில், ஒரு சந்துக்குள் தரைத்தள வீடு. மேடவாக்கத்தில் தனசேகர் என்கிற பில்டர் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டில் முதல் மாடி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். ஹால் மேற்குப் பார்த்தது. சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், கேளம்பாக்கத்துப் பார்ட்டி ஒன்று காத்துக்கொண்டிருக்கிறது என்று தனசேகர் கெடு வைத்துவிட்டார். அவருக்குப் படம் போட்டுக் கொடுப்பது நாங்கள்தான் என்று தெரிந்து, அந்த அம்மாள் நேராக எங்கள் ஆபீசுக்கு வந்து, பிளானை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"இந்தக் கோடெல்லாம் எனக்குப் புரியலை சார். நான் ஸ்கூல் விட்டு வந்து இந்த ஹால்ல உட்கார்ந்தா எப்படி இருக்கும்? அதை மட்டும் காட்டுங்க."

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

"நாலரை. எனக்கு அப்போ வெயில் வரணும்."

"வெளிச்சம்தானே? தாராளமா வரும்."

"வெளிச்சம் ட்யூப்லைட் போட்டாக்கூட வருமே சார். நான் கேட்கறது வெயில்."

மெட்ராஸில் ஒருவர் வெயில் வேண்டும் என்று கேட்கிறார்! நானும் கிளாடிஸும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். டீச்சர் அதைக் கவனித்துவிட்டார். சிரித்தார்.

"எங்க சந்துக்குள்ள ரெண்டு தடவை ஆத்து வெள்ளமே வந்திருக்கு சார். வெயில் மட்டும் வந்ததே இல்ல. காலையில எழுந்ததுலேர்ந்து எல்லாருக்கும் டிபன் கட்டணும், அப்புறம் ஸ்கூல். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்துடுவார், பசங்க வந்துடுவாங்க, அடுப்படி. நடுவுல நாலரையிலேர்ந்து ஆறு வரைக்கும்தான் நான் நானா இருக்கேன். அந்த நேரத்துல ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தா ஸ்டாஃப் ரூம்லயே இருக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் வெயில்ல உட்காரணும். அவ்வளவுதான்."

கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. வீடு வாங்குகிறவர்கள் என்னிடம் மாடுலர் கிச்சன் கேட்டிருக்கிறார்கள், ஃபால்ஸ் சீலிங் கேட்டிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கேட்டதில்லை. "வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் வாங்க டீச்சர், காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன்... ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் சோபாவின் கைப்பிடி வரை வந்ததும் கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று கத்தியது. அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. வெயில் விழ வேண்டிய இடம் தரை. தரை வரவே இல்லை. திரை கறுப்பாகிவிட்டது. நான் எதையாவது உதைக்கலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லாம் தவணையில் வாங்கினவை.

புதன்கிழமை காலை, நேரத்தைக் குறைக்கிற வேலையில் இறங்கினோம்.

கிளாடிஸ் ஒரு வீட்டைக் கட்டினால் ஒழுங்காகக் கட்டுவாள். அதுதான் பிரச்னை. சமையலறையில் குக்கருக்கு வெயிட் வரை போட்டிருந்தாள். பாத்ரூமில் சோப்பு டப்பா. படமோ ஹாலுக்கு மட்டும்.

"குக்கர் வெயிட்டை யார் பார்க்கப் போறாங்க?"

"யாரும் பார்க்க மாட்டாங்க சார். ஆனா கம்ப்யூட்டர் ஒவ்வொரு கதிருக்கும், 'வழியில குக்கர் வெயிட் வருமா, வராதா'ன்னு கேட்டுட்டுத்தான் மேல போகும்."

அடப்பாவமே! அப்படியானால் ஒரே வழிதான். கம்ப்யூட்டருக்குள் படம் பிடிக்கிற கேமராவுக்குத் தெரியாதது எல்லாம் அழிய வேண்டியது. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்தான். குக்கர் போயிற்று. சமையலறையே போயிற்று. பாத்ரூம், மாடிப்படி, மொட்டை மாடித் தொட்டி, காம்பவுண்ட் கேட்... நான் சொல்லச் சொல்ல அவள் அழித்துக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரு வெறியே வந்துவிட்டது. பக்கத்து மனையில் வரப்போகிற கட்டடத்தையும் சைட் பிளானைப் பார்த்துப் போட்டு வைத்திருந்தாள். முதலில் ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரு கோணம் யோசித்திருந்தோம், அதற்காகப் போட்டது. இப்போது கேமரா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

"இது வேணுமா சார்?"

"எங்கேயாவது தெரியுதா?"

"தெரியலை."

"தூக்கு."

தூக்கிவிட்டாள். போதாக்குறைக்கு, மூலைகளில் இருட்டு தட்டாமல் இருக்க நாலைந்து ஓசி லைட் வேறு. ஓசி லைட் என்பது எங்கள் ஆபீஸ் பாஷை. நிழலே விழாத ஒரு போலி விளக்கை அறைக்குள் மிதக்க விடுவோம். பல்பு கிடையாது, ஒயர் கிடையாது, கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போடுகிற தொல்லையும் கிடையாது. சும்மா வெளிச்சம் மட்டும் வரும். ஓசிதானே!

படம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தரையில், சோபாவின் காலடியில், ஜன்னல் கிரில்லின் நிழலோடு தங்கம் மாதிரி ஒரு வெயில். நான் நாற்காலியிலிருந்து குதித்துவிட்டேன். நேரமும் குறைந்தது, வெயிலும் வந்தது... ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கிளாடிஸ்கூட, "நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். அவள் வாயிலிருந்து அது பத்மஸ்ரீ மாதிரி.

வியாழக்கிழமை தனசேகர் வந்தார். செங்கல், மணல் சப்ளையில் ஆரம்பித்து, இப்போது முதன்முதலாக ஃபிளாட் கட்டுகிற மனிதர். இடுப்பில் பேஜர். அது கத்தும்போதெல்லாம் எங்கள் போனை எடுத்துப் பேசுவார்.

"மெய்யாலுமே ஷோக்கா கீது சார்! வெயிலு அப்பிடியே வூட்டுக்குள்ள வந்து குந்திகினு கீது பாரு. இத்த கலர் ஜெராக்ஸ் போட்டுக் குடு சார். நோட்டீஸுக்கு அட்டையா போட்டுக்கறேன்."

"இது அந்த டீச்சர் பார்க்கற வீட்டுக்கு மட்டும் போட்டது தனசேகர்."

"எல்லாம் ஒரே ஹாலுதான சார்? மத்த பார்ட்டிங்களும் பாக்கட்டுமே. இன்னா இப்போ?"

எல்லாம் முடிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், டீச்சர் வருகிறவரை கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. நீங்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பீர்கள். என்னால் முடியவில்லை. காத்திருக்க ஒன்றும் இல்லாத நேரத்தில்தான் எனக்கு இருப்புக் கொள்ளாது. மேஜையைத் துடைத்தேன். பென்சில்களைச் சீவினேன். அவள் பென்சிலையும் வாங்கிச் சீவ ஆரம்பித்ததும் கிளாடிஸ், "எங்கேயாவது போயிட்டு வாங்க சார்" என்றாள்.

ஸ்கூட்டரை எடுத்தேன். சும்மா ஒரு ரவுண்டு. சேலையூர், கேம்ப் ரோடு, செம்பாக்கம்... வண்டி தானாகவே மேடவாக்கம் போய் நின்றது. டீச்சரின் ஹால் எப்படி இருக்கிறது என்று ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாமே?

முதல் மாடியில் தூண்களும் தரையும்தான் இருந்தன, சுவர் எழும்பவில்லை. ஹால் வருகிற இடத்தில் போய் நின்றேன். வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. ஆஹா, அப்படியே நம் படம்தான்! டீச்சர் உட்காரப் போகிற இடத்தில் நானே ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்போதுதான் காலருகே நிழலைப் பார்த்தேன். தரையின் விளிம்பில், வரிசையாக, தடித்த நிழல்கள். அவற்றின் தலையில் மெல்லிய கோடுகளாக இன்னும் கொஞ்சம் நிழல். நிமிர்ந்தேன். சின்னத் தெருவுக்கு அந்தப் பக்கம், பக்கத்து மனையில் முதல் மாடிக்குத் தூண்கள் எழும்பி நின்றன. தூண்களின் தலையில் கம்பிகள். நான் உட்கார்ந்திருக்கும்போதே நிழல் விளிம்பைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்திருந்தது. நாலரைக்கு நடு ஹாலுக்கு வந்துவிடும். இப்போது வெறும் தூண்தான். நாளைக்கு நடுவில் சுவர் வரும்.

"எத்தனை மாடிப்பா?" என்று அந்தப் பக்கம் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துக் கத்தினேன்.

"கிரவுண்டு, மேல ரெண்டு சார்! இன்னும் ஒண்ணு தூக்கணும்!"

அதே கட்டடம்! சைட் பிளானில் இருந்தது. கிளாடிஸ் போட்டு வைத்திருந்தது. புதன்கிழமை நான் 'தூக்கு' என்றதும் தூக்கினது. டீச்சர் இங்கே வந்து பார்த்தபோது அஸ்திவாரம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். அவர் பார்த்தது வெறும் மனை. நான் காட்டப்போவதும் வெறும் மனை. நம்பி அந்த அம்மாள் சரி என்று சொல்லிவிட்டால்?

திரும்பி வந்த வேகத்தைப் பற்றி எழுதினால் போலீஸ் நண்பர்கள் வருத்தப்படுவார்கள். செம்பாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு சாவகாசமாக ரிவர்ஸ் எடுத்தது. அந்த டிரைவரிடம் நான் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

"கிளாடிஸ், பக்கத்து பில்டிங்!" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ... கேமராவுக்குத் தெரியாதுதான். ஆனா சூரியனுக்குத் தெரியுமே சார்!"

அவ்வளவுதான் விஷயம். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் பார்த்தோம். சூரியன் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறது என்று பார்க்கவில்லை.

பழைய ஃபைல் இருக்கிறது. ஆனால் அதை ஓட்டினால் சோபாவின் கால் சனிக்கிழமைதான் வரும். டீச்சரோ ஸ்கூல் விட்டுக் கிளம்பியிருப்பார். அந்த அழகான படத்தையே காட்டிவிட்டு, 'ஆனா டீச்சர், பக்கத்துல ஒரு கட்டடம் வரப்போகுது, இவ்வளவு வெயில் வராது' என்று வாயால் சொல்லிவிடலாமா? கேட்டேன்.

"படத்தைக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு வாயால சொன்னா யார் சார் கேட்பாங்க?" என்றாள் கிளாடிஸ். அதற்குள் அவள் கை மவுஸில் இருந்தது. "சூரியனை மறைக்கறதுக்கு அந்த பில்டிங்குக்கு ஜன்னல் எதுக்கு, சன்ஷேட் எதுக்கு? ஒரு பெட்டி போதும். அதே உயரம், அதே அகலம். வெறும் பெட்டி."

ஒரு சாம்பல் நிறப் பெட்டி பக்கத்து மனையில் வந்து உட்கார்ந்தது. ஓசி லைட்டுகளில் ஒன்றை மட்டும், அதுவும் மங்கலாக வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தாள். இன்னும் நேரம் குறைய வேண்டும். எதை எடுப்பது? மொசைக்கின் பாலிஷை எடுத்தாள். ஷோகேஸின் கண்ணாடியை எடுத்தாள். பித்தளைப் பூச்சாடியின் மினுமினுப்பை எடுத்தாள். விசாரணை பாதிக்கு மேல் இந்த மினுக்கல் சாமான்களிடம்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறது!

அவள் ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு ஒன்று தோன்றியது. அவசரம் எல்லாருக்கும்தான் இருக்கிறது, எதையாவது குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நாம் எதைக் குறைக்கிறோம்? பெண் பார்க்கக் கொடுக்கிற போட்டோவில், வேலைக்கு அனுப்புகிற பயோடேட்டாவில், ஓட்டுக் கேட்டு வருகிறவரின் நோட்டீஸில்... பளபளப்பை அப்படியே வைத்துக்கொண்டு நிழலை மட்டும் எடுத்துவிடுகிறோம். கிளாடிஸ் இப்போது செய்தது நேர் எதிர். நிழலை வைத்துக்கொண்டு பளபளப்பை எடுத்துவிட்டாள். இதிலும் நேரம் மிச்சம்தான். என்ன, பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது.

படம் கூரையிலிருந்து இறங்க ஆரம்பித்தபோது டீச்சர் வந்துவிட்டார். தோளில் பை நிறைய பரீட்சைப் பேப்பர். முகம் கழுவிவிட்டு வந்திருந்தார். பின்னாலேயே தனசேகர். ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

கூரை வந்தது. ஃபேன் வந்தது. சுவர் வந்தது, கொஞ்சம் சாம்பலாக.

"இன்னா சார் இது? நேத்து பாத்தது வேறயா கீதே?" என்றார் தனசேகர்.

சோபாவின் முதுகு. கைப்பிடி. செவ்வாய்க்கிழமை காணக் கிடைக்காத அந்தக் கால்கூட வந்துவிட்டது. டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்து, திரையின் கீழ்ப்பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை வந்தது. மொட்டைத் தரை. வெயில் ஒரு பொட்டுகூட இல்லை.

"இது ராத்திரியா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர். நாலரை."

டீச்சர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

தனசேகர் எகிறினார். "சார், நான் படம்தான கேட்டேன்? எக்ஸ்ரேவா கேட்டேன்? நேத்து படத்தக் காட்டு சார் டீச்சரம்மாவுக்கு!"

"காட்டு கிளாடிஸ்" என்றேன்.

காட்டினாள். தங்க வெயிலும் கிரில் நிழலும் பளபளக்கிற மொசைக்கும் வந்தன. டீச்சரின் முகம் அப்படியே மலர்ந்தது. "இது எந்த வீடு?"

"அதே வீடுதான் டீச்சர்" என்றாள் கிளாடிஸ். "பக்கத்துல வரப்போற பில்டிங்கை அழிச்சிட்டோம். அதனால வெயில் வந்துடுச்சு."

"அழிக்க முடியுமா?"

"இங்க முடியும்."

டீச்சர் அந்தப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தனசேகர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவன் மனை, அவன் கட்டறான். அத்த நான் இன்னா பண்ண முடியும் டீச்சரம்மா? ஏரியா டெவலப் ஆவுதுன்னா நாலு பில்டிங்கு வரத்தான் செய்யும். வெயிலு இல்லாங்காட்டி இன்னா, வூடு சில்லுனு கீமே..."

"சில்லுன்னு ஒரு வீடு ஏற்கெனவே இருக்கு சார் எனக்கு." டீச்சர் எழுந்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அந்தக் கேளம்பாக்கத்துக்காரங்களுக்கே குடுத்துடுங்க. நான் வரேன்."

அப்படியே விட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம் வேலை முடிந்தது. ஆனால் டீச்சர் செருப்பை மாட்டுவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. "தனசேகர், ரெண்டாவது மாடி என்னாச்சு?"

"ரெண்டாவது முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பூட்ச்சி சார்."

"மூணாவது?"

தனசேகர் பேஜரை எடுத்துப் பார்த்தார். அது கத்தவே இல்லை.

"மூணாவது மாடி மேற்கு ஹால் காலியா இருக்கா, இல்லையா?"

"கீது சார்... அத்த ஏன் கேக்குற? அது ஒரு பேஜாரு. லிஃப்ட் கெடயாது. தலைக்கு மேல மொட்ட மாடி. காட்டினா பார்ட்டி ஓடிப்பூடுது. அதான் சிமெண்டு மூட்டைய போட்டு வெச்சுக்கலாம்னு உட்டுட்டேன்."

"டீச்சர், ஒரே நிமிஷம். உட்காருங்க" என்றேன்.

கிளாடிஸ் அதற்குள் ஆரம்பித்திருந்தாள். வீட்டைத் தூக்கி மேலே வைக்கிற வேலையெல்லாம் அவள் செய்யவில்லை. சாம்பல் பெட்டியை இரண்டு மாடி கீழே இறக்கிவிட்டாள். சூரியனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"பக்கத்துக்காரர் மேல இன்னொண்ணு தூக்கிட்டா?" என்று தனசேகரைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவன் பிளானுல ரெண்டுதாம்மா. தூணும் அதுக்குத்தான் போட்டுகீறான். நான்தான அவனுக்கு மணலு அடிக்கறேன்."

மறுபடியும் கூரை. மறுபடியும் ஃபேன். டீச்சர் உட்காரவில்லை. ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றை மாட்டாமல், கதவோரம் நின்றார். நான் மேஜையில் தாளம் போட்டேன். கிளாடிஸ் என் கையைப் பார்த்தாள், நிறுத்தினேன். சுவர் வந்தது. இந்தச் சுவர் சாம்பலாக இல்லை, லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. சோபா. கால். அப்புறம் தரையில் ஒரு கோடு. அதன் நுனி மட்டும் வெளுப்பாக இருந்தது. அடுத்த கோட்டில் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததில் கிரில்லின் நிழல் குறுக்கே வந்தது. பாலிஷ் இல்லாத மொட்டைத் தரையில், ஒரு பாய் அளவுக்கு வெயில் வந்து விழுந்தது.

டீச்சர் கிட்டே வந்தார். வெயில் விழுந்த இடத்தில் திரையை விரலால் தொட்டார்.

"இதுல யாரையும் அழிக்கலையே?"

"யாரையும் அழிக்கலை டீச்சர்" என்றாள் கிளாடிஸ். "எல்லாரும் இருக்காங்க."

தனசேகருக்குத்தான் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. தொழிலுக்கு வந்து முதல் தடவையாக ஒரு வீட்டின் குறையை அவரே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். "டீச்சரம்மா, இப்பவே சொல்லிட்டேன், அப்பால எம்மேல பழி போடக் கூடாது. மூணு மாடி ஏறணும். வெயிலுன்னா வெயிலு, அப்பிடி அடிக்கும். மறைக்கறதுக்கு ஒண்ணும் கெடயாது. சாய்ங்காலம் ஆறு மணி வரிக்கும் உடாது."

"ஆறு வரைக்கும் போதும் சார்" என்றார் டீச்சர். "அதுக்கப்புறம் எனக்கு வேலை இருக்கு."